பிரைமார்க்கில் வாங்கலாமா? மலிவுத் துணிச் சண்டை, ஆரம்பத்திலிருந்து

"பிள்ளைகளுக்கு எல்லாமே பிரைமார்க்தான். ஆறு மாதத்தில் வளர்ந்துவிடுகிறார்கள், வேறு எங்கே போவது?" என்பார் ஒருவர். "அங்கேயா வாங்குகிறீர்கள்? பங்களாதேஷில் கட்டடம் இடிந்து ஆயிரம் பேருக்கு மேல் செத்தது தெரியாதா?" என்பார் இன்னொருவர். "விலை கூடின கடைத் துணி மட்டும் வானத்திலிருந்தா விழுகிறது? அதையும் அங்கேதான் தைக்கிறார்கள்" என்று மூன்றாமவர் முடித்து வைப்பார். பிரிட்டனில் பிரைமார்க் போன்ற மலிவுத் துணிக்கடைகளின் பேச்சை எடுத்தால் பெரும்பாலும் இந்த மூன்று வாதங்களைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கலாம். மூன்றிலும் உண்மை இருப்பதால் சண்டை தீர்வதில்லை. என் சாய்வு மூன்றாமவர் பக்கம். ஆனால் அவர் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுகிறார். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தைக்கிறார்கள் என்றால், வேறுபாடு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

முதலில் கடைகளைப் பற்றி. பிரிட்டனில் ஒவ்வொரு ஊரின் பெரிய கடைவீதியையும் ஹை ஸ்ட்ரீட் என்பார்கள். எந்த ஊருக்குப் போனாலும் அந்த வீதியில் அதே பெயர்ப் பலகைகள்தான்: மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், நெக்ஸ்ட், எச் அண்ட் எம், ஸாரா, பிரைமார்க். இவற்றில் மூத்தது மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர். 1884இல் லீட்ஸ் சந்தையில் மைக்கேல் மார்க்ஸ் போட்ட, எதை எடுத்தாலும் ஒரு பென்னி கடையில் தொடங்கியது அது. பிரைமார்க் 1969இல் டப்ளின் நகரின் மேரி தெருவில் பென்னீஸ் என்ற பெயரில் பிறந்தது. அயர்லாந்தில் இன்றும் அதே பெயர்தான். அமெரிக்காவின் ஜேசி பென்னி நிறுவனத்தோடு பெயர்ச் சிக்கல் வரும் என்பதால் வெளிநாடுகளுக்குப் போகும்போது பிரைமார்க் ஆனது.

இந்தக் கடைகளை எல்லாம் சேர்த்து 'ஃபாஸ்ட் ஃபேஷன்' (மலிவாக, சீக்கிரம் சீக்கிரம் மாறும் துணி வியாபாரம்) என்று ஒரே பெயரில் திட்டுவது வழக்கம். புதிதாகப் படிப்பவர்கள் இங்கேதான் முதலில் குழம்புகிறார்கள். அந்தப் பெயருக்குள் இரண்டு வேறு வியாபாரங்கள் இருக்கின்றன.

ஒன்று வேகத்தை நம்பியது. அதற்கு ஸாரா உதாரணம். 1975இல் ஸ்பெயினின் அ கொருன்யாவில் அமான்சியோ ஒர்தேகா தொடங்கிய கடை இது. எந்த ரகம் போகிறது என்று கடைகளிலிருந்து தகவல் வரும். இரண்டு மூன்று வாரத்துக்குள் புது ரகம் தைத்து முடித்துக் கடைக்குப் போய்விடும். சிறு சிறு எண்ணிக்கையில் தைப்பதால் விற்காத சரக்கு அதிகம் தேங்காது. இத்தனை வேகத்துக்குக் கப்பல் சரக்கு சரிப்படாது. அதனால் சீக்கிரம் மாறும் ரகங்களை ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ, துருக்கி என்று பக்கத்திலேயே தைக்கிறார்கள்.

மற்றொன்று எண்ணிக்கையை நம்பியது. பிரைமார்க் இந்த வகை. ஒரே டி-ஷர்ட்டை லட்சக்கணக்கில், பல மாதங்களுக்கு முன்பே, ஆசியாவில் ஆர்டர் கொடுப்பார்கள். நீண்ட காலம் விளம்பரத்துக்கு அவர்கள் பெரிதாகச் செலவழித்ததில்லை. பிரிட்டனில் வீட்டுக்குப் பார்சல் அனுப்புவதும் கிடையாது. ஆன்லைனில் ஆர்டர் செய்தாலும் கடைக்குப் போய்த்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு துணியில் கிடைக்கும் லாபம் குறைவு, விற்கும் துணிகளோ ஏராளம். 'மலிவாக இருக்கிறதே, யார் வயிற்றிலோ அடித்திருக்கிறார்கள்' என்ற சந்தேகம் எழும்போது இந்தச் சங்கதிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மலிவு முழுவதும் தொழிலாளியின் கூலியிலிருந்து பிடுங்கியது என்று சொல்லிவிட முடியாது.

ஆறு பவுண்டு டி-ஷர்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெரியவர்கள் துணிக்கு பிரிட்டனில் 20 சதவீதம் வாட் வரி. ஆறு பவுண்டில் ஒரு பவுண்டு அரசாங்கத்துக்குப் போய்விடும். (குழந்தைகள் துணிக்கு வரி பூஜ்யம்; மலிவுக் கடைகளில் குழந்தைகள் பிரிவில் கூட்டம் நெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.) மிச்சம் ஐந்து பவுண்டு. அதில்தான் கடை வாடகை, கடை ஊழியர் சம்பளம், கப்பல் கூலி, நூல், நெசவு, சாயம், தையல், தையல் கம்பெனி முதலாளியின் லாபம், பிராண்டின் லாபம் எல்லாம். தைத்தவர் கைக்கு எவ்வளவு? ஆக்ஸ்ஃபாம் ஆஸ்திரேலியா என்ற தொண்டு நிறுவனம் 2017இல் வெளியிட்ட கணக்கு, ஆஸ்திரேலியாவில் விற்கும் துணியின் விலையில் சராசரியாக 4 சதவீதம்தான் தொழிற்சாலைக் கூலிக்குப் போகிறது என்றது. அதையே இங்கே பொருத்திப் பார்த்தால் ஆறு பவுண்டுக்கு 24 பென்ஸ்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். தைப்பவரின் கூலியை இரட்டிப்பாக்கினாலும் சட்டை விலை கால் பவுண்டுதான் ஏறும். அதேபோல, முப்பது பவுண்டுக்கு விற்கும் சட்டையைத் தைத்தவருக்கு ஐந்து மடங்கு கூலி கிடைத்திருக்கும் என்று நம்புவதற்கும் இடமில்லை. ஓவர்லாக் மெஷினில் (துணி ஓரம் பிரியாமல் தைக்கும் மெஷின்) உட்கார்ந்திருப்பவருக்கு எந்த லேபிள் வந்தாலும் கூலி ஏறக்குறைய அதேதான். காலையில் ஒரு பிராண்ட், மத்தியானம் வேறு பிராண்ட் என்று ஒரே லைனில் ஓடுவதும் உண்டு. விலைச்சீட்டைப் பார்த்துத் தொழிலாளியின் நிலையைக் கணிக்க முடியாது. கூடுதல் விலை கொடுத்தவர் நல்ல துணி வாங்கியிருக்கலாம்; மனநிம்மதியையும் சேர்த்து வாங்கிவிட்டதாக நினைத்தால் ஏமாந்துபோவார்.

ரானா பிளாசா

இரண்டாமவர் சொன்ன விபத்து இதுதான். டாக்காவை ஒட்டிய சாவரில் எட்டு மாடிக் கட்டடம். மேல் தளங்களில் ஐந்து தையல் கம்பெனிகள், கீழே வங்கியும் கடைகளும். 2013 ஏப்ரல் 23 அன்று கட்டடத்தில் விரிசல் விட்டது. வங்கி மூடியது, கடைகளும் மூடின. மறுநாள் காலை தையல் தொழிலாளர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் கிடைக்காது என்று மிரட்டியதாகப் பிழைத்தவர்கள் பிறகு சொன்னார்கள். ஒன்பது மணி வாக்கில் கட்டடம் சரிந்தது. 1,134 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள்.

இடிபாடுகளில் கிடைத்த லேபிள்களிலும் காகிதங்களிலும் பிரைமார்க் பெயர் இருந்தது. கூடவே பெனட்டன், மாங்கோ பெயர்களும் அடிபட்டன; அந்த இரண்டும் மலிவுக் கடைகள் அல்ல. பிரைமார்க் தன் தொடர்பை ஒப்புக்கொண்டு மொத்தம் சுமார் 1.4 கோடி டாலர் நஷ்டஈடு கொடுத்தது. பெனட்டன் முதலில் மறுத்துவிட்டுப் பிறகு ஒப்புக்கொண்டது.

'அப்படியானால் இந்தக் கடைகளைப் புறக்கணிப்பதுதானே நியாயம்?' என்று தோன்றும். ஆனால் அங்கே உண்மையில் மாற்றம் வந்த வழி வேறு. அடுத்த மாதமே பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து தீ, கட்டடப் பாதுகாப்புக்கு ஒரு ஒப்பந்தம் போட்டன. அக்கார்டு என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதற்கு முன்பு பிராண்டுகள் அனுப்பிய ஆடிட்டர்கள் ஒரு நாள் வந்து, காகிதத்தில் டிக் அடித்துவிட்டுப் போவார்கள். வருவது தெரிந்து கம்பெனியும் அன்றைக்கு மட்டும் தீயணைப்புக் கருவியைத் துடைத்து வைக்கும். அக்கார்டு அப்படி இல்லை, கையெழுத்துப் போட்ட பிராண்டைச் சட்டப்படிக் கட்டுப்படுத்தும். இரு நூறுக்கும் மேற்பட்ட பிராண்டுகள் சேர்ந்தன. எச் அண்ட் எம், ஸாராவின் தாய் நிறுவனமான இண்டிடெக்ஸ், பிரைமார்க் மூன்றும் உள்ளே வந்தன. அமெரிக்காவின் வால்மார்ட்டும் கேப்பும் சேராமல் தனியாக ஓர் அமைப்பை வைத்துக்கொண்டன. பிராண்டுகள் பங்களாதேஷை விட்டு ஓடியிருந்தால் இந்த ஒப்பந்தத்துக்கு வேலையே இருந்திருக்காது.

கூலியின் கதை அத்தனை சுபமானதல்ல. ரானா பிளாசா இடிந்தபோது அங்கே தையல் தொழிலின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,000 டாக்கா (பங்களாதேஷ் நாணயம்). அந்த ஆண்டின் இறுதியில் 5,300 ஆனது, 2018இல் 8,000, 2023இல் 12,500. கடைசி உயர்வின்போது தொழிலாளர்கள் 23,000 கேட்டுத் தெருவில் இறங்கியிருந்தார்கள்.

புறக்கணிப்பு எப்படித் திசைமாறிப் போகும் என்பதற்கு இன்னொரு பழைய உதாரணமும் பங்களாதேஷ்தான். குழந்தைகள் தைத்த துணியை இறக்குமதி செய்யக் கூடாது என்று 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க செனட்டில் டாம் ஹார்க்கின் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவே இல்லை. பயத்திலேயே கம்பெனி முதலாளிகள் குழந்தைகளை வெளியே அனுப்பினார்கள்; சுமார் 50,000 பேர் என்று யுனிசெஃப் கணக்கிட்டது. அவர்களில் பலர் பள்ளிக்கூடம் போகவில்லை. கல் உடைக்கப் போனார்கள், அதைவிட மோசமான இடங்களுக்கும் போனார்கள். முதலாளிகள் சங்கமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் 1995இல் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் பள்ளிக்கான ஏற்பாடு வந்தது.

திருப்பூர் வரை வந்த வழக்கு

தமிழ் வாசகர்களுக்கு இந்தச் சண்டை தூரத்து விஷயம் அல்ல. 2008 ஜூனில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி, திருப்பூரிலிருந்து பிரைமார்க்குக்குப் போகும் துணிகளில் மணி கோர்க்கும் வேலையைக் குழந்தைகள் செய்கிறார்கள் என்று காட்டியது. கம்பெனி ஜாப் ஒர்க்குக்கு (வெளியாட்களிடம் கூலிக்கு) கொடுத்த வேலை, சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கும் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. பிரைமார்க் மூன்று திருப்பூர் நிறுவனங்களோடு வியாபாரத்தை உடனே நிறுத்தியது.

ஆனால் நிகழ்ச்சியில் வந்த ஒரு சிறு காட்சியை பிரைமார்க் விடவில்லை. பெங்களூர்ப் பட்டறை ஒன்றில் சிறுவர்கள் சட்டையைச் சரிபார்ப்பதாக வந்த காட்சி அது. மூன்று ஆண்டு விசாரணைக்குப் பிறகு, 2011 ஜூனில், அந்தக் காட்சி உண்மையானதாக இல்லாமலிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று, அப்போது பிபிசியை மேற்பார்வையிட்ட பிபிசி டிரஸ்ட் தீர்ப்புச் சொன்னது. பிபிசி மன்னிப்புக் கேட்டது. அதே தீர்ப்பு, பிரைமார்க் தன் சொந்த விதிகளை மீறியதற்கு நிகழ்ச்சியில் வேறு சான்றுகள் இருந்தன என்றும் சொன்னது. இந்த வழக்கைப் பற்றிப் பேசுபவர்களில் பாதிப் பேர் முதல் வாக்கியத்தை மட்டும் நினைவு வைத்திருக்கிறார்கள், மீதிப் பேர் இரண்டாவதை மட்டும்.

எனக்கு உறுத்துவது அந்த மூன்று கம்பெனிகளோடு ஆர்டரை வெட்டியதுதான். அதனால் பிராண்டின் பெயர் தப்பும். மணி கோர்த்துக்கொண்டிருந்த வீட்டில் அடுத்த வாரம் என்ன ஆயிற்று என்பது யார் கணக்கிலும் வராது.

இனி மூன்றாமவர் சொல்லாமல் விட்ட பாதிக்கு வரலாம். வேறுபாடு, பிராண்ட் எப்படிக் கொள்முதல் செய்கிறது என்பதில் இருக்கிறது. திருப்பூரில் எந்த எக்ஸ்போர்ட் கம்பெனியின் மெர்ச்சண்டைசரை (ஆர்டரைக் கவனித்துக்கொள்பவர்) கேட்டாலும் சொல்வார். சாம்பிளுக்கு பையர் (பிராண்டுக்காகக் கொள்முதல் செய்பவர்) ஒப்புதல் கொடுக்க இரண்டு வாரம் தாமதம் செய்வார், ஷிப்மென்ட் தேதியை மட்டும் தள்ளிப்போட மாட்டார். அந்த இரண்டு வாரத்தை எங்கே பிடிப்பது? ஒன்றரை ஷிஃப்ட் ஓடும். முடியாவிட்டால் நைட் ஓடும். அப்படியும் கப்பலைத் தவறவிட்டால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்தச் செலவு பெரும்பாலும் கம்பெனி தலையில். மொத்த லாபமும் அதிலேயே போய்விடும். கலர் சற்று மாறியிருந்தால் டெபிட் நோட் (பணத்தில் பிடித்தம் செய்யும் சீட்டு) வரும். அடுத்த சீசனில் அதே ஸ்டைலுக்கு ஐந்து சென்ட் குறைத்துக் கேட்பார்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, வெட்டித் தைத்து அட்டைப்பெட்டியில் போட்ட சரக்கையே வேண்டாம் என்று சொன்ன பிராண்டுகள் பல. பங்களாதேஷில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேல் ஆர்டர் ரத்தானதாகவும் தள்ளிப்போனதாகவும் அங்குள்ள ஏற்றுமதியாளர் சங்கம் சொன்னது.

இதே பிராண்டுகளின் வலைத்தளங்களில் தொழிலாளர் நலனுக்கென்று தனிப் பக்கம் இருக்கும். ஓவர்டைம் இத்தனை மணிக்கு மேல் கூடாது என்று அதில் எழுதியிருப்பார்கள். கொள்முதல் பிரிவு கொடுக்கும் தேதிக்கு அந்த ஓவர்டைம் இல்லாமல் சரக்கு போகாது. ஒரே கட்டடத்தில் இரண்டு மாடிகள், ஒன்றோடொன்று பேசுவதில்லை.

சாயத்துக்கும் இதே கதைதான். நொய்யல் ஆறு சாயக்கழிவால் கெட்டு, ஒரத்துப்பாளையம் அணையில் கழிவு தேங்கி, கீழே விவசாயம் பாழான பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் ஓட்டலாம் என்றானது. அது நல்ல காரியம், ஆனால் கிலோவுக்குச் செலவு ஏறியது. 'சுத்தமாகச் சாயம் போட்டதற்குக் கூட்டிக் கொடுக்கும் பையர் எங்கே?' என்பது திருப்பூரின் பழைய புலம்பல். அந்தப் பக்கம் பங்களாதேஷ் துணிக்கு அப்போது ஐரோப்பாவில் சுங்கவரியே கிடையாது, இந்தியத் துணிக்கு 9 சதவீதத்துக்கு மேல். இந்த நிலையில் போட்டி போட்டார்கள்.

'அப்படியானால் பிரிட்டனிலேயே தைத்ததை வாங்கினால் போயிற்று' என்பவர்கள் லெஸ்டர் நகரத்தைப் பார்க்க வேண்டும். 2020இல் அங்கே பூஹூ என்ற ஆன்லைன் கடைக்குத் தைத்த பட்டறைகளில் மணிக்கு 3.50 பவுண்டு கூலி என்று செய்தி வந்தது. அப்போது 25 வயது தாண்டியவருக்குச் சட்டப்படி 8.72 கொடுத்திருக்க வேண்டும். பூஹூவே அமர்த்திய வழக்கறிஞரின் அறிக்கை, குற்றச்சாட்டுகளில் பெரும்பகுதி உண்மை என்றது.

ஏழை வீட்டுக் கணக்கு

முதலாமவரை இத்தனை நேரம் காக்க வைத்துவிட்டேன். அவர் வாதம்தான் எல்லாவற்றிலும் எளியது: கையில் இருக்கும் காசுக்கு வேறு வழியில்லை. மூன்று பிள்ளைகள், பள்ளி திறக்கும் செப்டம்பர், வெள்ளைச் சட்டையும் சாம்பல் பேண்ட்டும் ஆளுக்கு இரண்டு. இவரிடம் போய் 'விலை உயர்ந்த ஒன்றை வாங்கி நீண்ட காலம் போடுங்கள்' என்று சொல்வது அபத்தம். துணி நீடித்தாலும் பிள்ளையின் கால் நீளாமல் இருக்காது. மலிவுக் கடைக்குப் போகிறவர்களைத் திட்டுகிறவர்களில் பலர், வாரம் ஒரு பார்சல் ஆன்லைனில் வரவழைத்துப் பாதியைத் திருப்பி அனுப்புகிறவர்கள். வருஷத்துக்கு இரண்டு முறை பிரைமார்க் போகிற தாய் வாங்கும் துணி அதைவிடக் குறைவு.

குப்பை விஷயத்தில் வாங்கும் இடத்தைவிட எண்ணிக்கைதான் பெரிது. பிரிட்டனில் சாரிட்டி கடையிலும் (தானமாக வரும் பழைய பொருட்களை விற்கும் தொண்டுக் கடை) சேகரிப்புப் பெட்டியிலும் போடும் துணியில் பெரும்பகுதி அங்கேயே விற்பதில்லை; கட்டுக் கட்டாகக் கப்பலேறும். அவை போய்ச் சேரும் பெரிய சந்தைகளில் ஒன்று கானாவின் அக்ராவில் இருக்கும் கந்தமாண்டோ. கட்டைப் பிரிக்கும் வியாபாரி, உள்ளே நல்லது இருக்குமா கிழிசல் இருக்குமா என்று தெரியாமல் முன்பணம் கொடுத்து வாங்குகிறார். மெலிந்த துணியின் பங்கு கூடக் கூட நஷ்டம் அவருக்கு. 2019இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று, துணி ஒன்றுக்கு ஒரு பென்னி வீதம் வசூலித்துச் சேகரிப்புக்கும் மறுசுழற்சிக்கும் செலவழிக்கலாம் என்று பரிந்துரைத்தது. ஒரு பென்னிதான். அரசு ஏற்கவில்லை.

'பசுமை' லேபிள்களைக் கண்டு ஆறுதலடைபவர்களுக்கு ஒரு தகவல்: நெதர்லாந்தின் நுகர்வோர் ஆணையம் 2022இல் எச் அண்ட் எம், டெகாத்லான் இரண்டின் சூழல் வாசகங்களும் போதிய ஆதாரமில்லாமல் இருப்பதைச் சுட்டிக்காட்டியது. இரண்டும் அந்த வாசகங்களை மாற்ற ஒப்புக்கொண்டன. முறையே 5 லட்சம், 4 லட்சம் யூரோ நன்கொடையும் கொடுத்தன.

கடையில் நின்றுகொண்டு கூலியையோ சாயத்தையோ கண்டுபிடிக்க முடியாது. 'மேட் இன்' என்பதுகூட தைத்த நாட்டை மட்டும்தான் சொல்லும், நூலும் துணியும் எங்கிருந்தும் வந்திருக்கலாம். பிரிட்டனில் அதைப் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிராண்ட் தன் தொழிற்சாலைப் பட்டியலை வெளியிட்டிருக்கிறதா, அக்கார்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறதா என்பதை வீட்டிலிருந்தே தேடிப் பார்க்கலாம். பசுமை வாசகங்களைவிட இவை இரண்டும் உருப்படியான தகவல்.

துணி உழைக்குமா என்பதைக் கையிலேயே பார்க்கலாம். டி-ஷர்ட்டை உள்பக்கம் திருப்புங்கள். ஓவர்லாக் தையல் நெருக்கமாக இருக்கிறதா, நூல் தொங்குகிறதா? தோள் தையலுக்குள் ஒரு டேப் வைத்துத் தைத்திருந்தால் தோள் சீக்கிரம் தொங்காது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கை தெரிகிறதா? தெரிந்தால் துணியின் எடை குறைவு. திருப்பூரில் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) கம்மி என்பார்கள். 140 ஜிஎஸ்எம் துணிக்கும் 180க்கும் உள்ள வித்தியாசம் விரலுக்கே தெரியும். கடைசியாகச் சட்டையை மடிப்பில்லாமல் விரித்து, பக்கத் தையல் அக்குளிலிருந்து நேராக இறங்குகிறதா என்று பாருங்கள். சரியாகப் பதப்படுத்தாத பின்னலாடை ஒன்றிரண்டு துவைப்பிலேயே முறுக்கிக்கொண்டு, அந்தத் தையல் வயிற்றுப் பக்கம் வந்துவிடும். கடையிலேயே கோணலாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வாங்கிய பிறகு அப்படி ஆனால், பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். நாலு பவுண்டு சட்டைக்கும் அந்தச் சட்டம் பொருந்தும்.